ஒரே வீட்டில் இரண்டு சீட்டு

எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்த வருஷத்தில் என் மாமியாரும் உண்டாகியிருந்தார். இன்று யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றும் சிரித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பதுக்கு ஒன்றோ இரண்டோ குறைவாக இருந்திருக்கும். பதினான்கு வயதில் கல்யாணமாகி, பதினாறில் என் கணவரைப் பெற்றவர். அப்புறம் ஐந்து பிரசவம். அதில் நிலைத்தவர்கள் இரண்டு பேர். மகளைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. சின்னவன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் நாமகிரிப்பேட்டைக்காரி. அப்பா மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். எட்டாவது வரைக்கும் படிக்க வைத்து, பதினெட்டு வயதில் என்னை ராசிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில் கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே இரண்டு குழித்தறி. ஒன்றில் மாமனார் உட்காருவார், இன்னொன்றில் என் கணவர். மாமியாரும் நானும் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்போம். காலையில் ராட்டையின் முன்னால் உட்கார்ந்தால் சோறாக்குகிற நேரம் தவிர எழுந்திருப்பதில்லை.

நாலாவது மாதத்தில், தீபாவளி கழிந்து சில நாட்களில், ராட்டைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன். மாமியார் முகத்தில் தண்ணீர் தெளித்து மோர் கொடுத்தார். நான் கண் விழித்ததும் தன் மகனைப் பார்த்து, நாளைக்குத் தறி நிற்கட்டும், இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. வியாழக்கிழமைகளில் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். கணவர் சைக்கிளில் உட்கார வைத்து, ஓட்டாமல், தள்ளிக்கொண்டே போனார்.

அங்கே எங்களைப் பார்த்த நர்ஸம்மா சேலத்துக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். அதட்டலாகப் பேசுவார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சு தாளில் எடுத்து, சிவப்புக் கட்டங்கள் வரிசையாக அச்சடித்த ஒரு அட்டையோடு வைத்துப் பார்த்தார். என் சொட்டு வெளிறிப்போய், அட்டையின் கீழ்க்கோடியில் இருந்த கட்டத்தோடுதான் பொருந்தியது.

"ரத்தமே இல்லையேம்மா. என்ன சாப்பிடுறே?" என்று கேட்டார்.

களியும், பழைய சோறும், புளிக்குழம்பும் என்றேன். கீரை சாப்பிடுவதுண்டா என்றார். சாப்பிடுவோம், அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் வேகவிட்டுக் கடைவோம் என்றேன். அப்படியென்றால் அதில் என்ன மிச்சமிருக்கும் என்று அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

எனக்கு ஒரு சீட்டு எழுதி, இரண்டு காகிதப் பொட்டலம் மடித்துத் தந்தார். ஒன்றில் கருஞ்சிவப்பாகச் சர்க்கரைப் பூச்சுப் பூசின பெரிய மாத்திரை. மற்றதில் துவரம்பருப்பு அளவில் மஞ்சள் மாத்திரை. பெரியது இரும்புச்சத்து, சின்னது போலிக் மாத்திரை, உடம்பில் புது ரத்தம் ஊற அது வேண்டும், குழந்தை வளரவும் வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிட்டால் பிரயோஜனமில்லை என்றார். மலம் கறுப்பாகப் போகும், பயந்துகொண்டு நிறுத்திவிடாதே என்றும் சொல்லி அனுப்பினார். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலும் ஒவ்வொன்று. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்னை உட்கார வைத்து அத்தனையும் கேட்டார். எதற்கு எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை மாதம் வரைக்கும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பேர் என்ன என்றார். போலிக் என்றேன். "போலியா? போலியை எதுக்குக் குடுக்கறாங்க?" என்றார். எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மஞ்சள் மாத்திரைதான்.

தெருவில் அந்த மாத்திரைக்கு நல்ல பெயர் இல்லை. எங்கள் தெருவில் எனக்கு முன்னால் மூன்று நான்கு பேர் வாங்கியிருக்கிறார்கள், எல்லோரும் சாக்கடையில் போட்டுவிட்டார்கள். சூடு, கர்ப்பம் கலைந்துவிடும் என்றார்கள். பிள்ளை பெரிதாகிப் பிறக்க முடியாமல் போகும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரம்மாள், மஞ்சளாகத் தின்றால் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வரும் என்று சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து மஞ்சள் புழுதியில் வளர்ந்தவள், எனக்குக் காமாலை வந்ததில்லை. ஆனாலும் முதல் வாரம் பயந்துகொண்டேதான் விழுங்கினேன். நர்ஸம்மா சொன்ன மாதிரியே கறுப்பாகப் போனபோது, அவர் முன்கூட்டிச் சொன்னது சரியாக இருக்கிறதே என்று ஒரு தைரியம் வந்தது. மாமியார் என்னைத் தடுக்கவுமில்லை, ஊக்கப்படுத்தவுமில்லை. தினமும் நான் விழுங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில் அவர் உடம்பு சரியில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். நாக்கு வெந்து, தோல் உரிந்த மாதிரி சிவந்து கிடந்தது. காரம் படக் கூடாது. சோற்றில் மோரை ஊற்றி உப்புக்கூடப் போடாமல் விழுங்குவார். கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். ஆறு பிரசவம் பார்த்த உடம்பு, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் எப்போதும் புடவையை முழங்கை வரை போர்த்திக்கொண்டுதான் இருப்பார், அதனால் வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

மாத்திரைகளை நான் ஒரு தகர டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டாம் முறை வாங்கிவந்த பிறகு கணக்கு இடித்தது. பதினைந்து நாளைக்கு உள்ளது பத்து நாளிலேயே தீரப் பார்த்தது. எலி சர்க்கரைப் பூச்சுக்காகத் தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்து டப்பாவை இறுக்க மூடினேன். அப்போதும் குறைந்தது.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். மாமியார் அலமாரிக்கு முன்னால் நின்று ஒரு மஞ்சள் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். நான் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குடித்தார். பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"திருடிப்போட்டேன் சாமி," என்றார்.

"நாக்குப் புண்ணுக்கா அத்தை? கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனுங்களே."

அவர் தலை நிமிரவில்லை. "நாக்குப் புண்ணு எதுக்கு வந்துச்சுன்னு நெனைக்கறே? எனக்கு ஒவ்வொரு புள்ளைக்கும் இப்படித்தான் வேகும்," என்றார். பிறகு புடவையை விலக்கி என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கையை எடுக்காமல் நின்றேன். தீட்டு நின்றபோது வயதாகிவிட்டதால் நின்றுபோனது என்று நினைத்தாராம். மாதக் கணக்குத் தெரியாது. அசைவு தெரிந்த பிறகுதான் புரிந்திருக்கிறது. மாமனாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. மருமகள் வயிறும் மாமியார் வயிறும் ஒன்றாகத் தெருவில் போனால் ஊர் என்ன பேசும் என்பதுதான் அவர் யோசனை. இதற்கு முந்தின பிரசவத்தில் ரத்தம் போய் பிழைத்ததே பெரிதாம், அந்தக் குழந்தை இரண்டாம் நாள் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னதைக் கேட்டபோது, வெளிறிய சொட்டு என்று நான் சொன்னது தன்னைத்தான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

"மாத்திரை போட்டதிலிருந்து புண்ணு கொஞ்சம் ஆறிட்டு வருது. இல்லாட்டி எடுத்திருக்க மாட்டேன்," என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்றிலிருந்து பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். நர்ஸம்மா மறுபடி விரலில் குத்தி அட்டையோடு வைத்துப் பார்த்தார். ஏறின மாதிரி தெரியவில்லை. அவர் முகம் மாறியது. நீயும் சாக்கடையில்தான் போடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லாதே, படித்த பெண் என்று நினைத்தேன், எங்கிருந்தோ யார் யாரோ அனுப்பிவைத்து இங்கே வந்து சேருகிற மருந்து இது, உனக்கு வேண்டாம் என்றால் வேண்டுகிறவளுக்குக் கொடுப்பேன் என்றார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். சீட்டை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நான் எழுந்து போகவில்லை. வரிசை முடியும் வரைக்கும் சுவரோரம் நின்றேன். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் போய், பாதியை நான் சாப்பிடுகிறேன், பாதியை எங்கள் மாமியார் சாப்பிடுகிறார், அவரும் உண்டாகியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

நர்ஸம்மா முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எத்தனை பிரசவம், எத்தனை வயது, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைவிட அவங்களுக்குத்தாம்மா அவசரம்," என்றார். "பாதி மாத்திரை ரெண்டு பேருக்குமே பத்தாது. கூட்டிட்டு வா."

வரமாட்டார், வெட்கப்படுகிறார் என்றேன். அதற்கு அவர் சொன்னது எனக்குத் தோன்றாத யோசனை. மருமகளுக்குத் துணையாக மாமியார் ஆஸ்பத்திரிக்கு வருவதில் யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள், துணிமறைப்புக்குப் பின்னால் உன்னோடு அவரும் வந்தால் அங்கேயே பார்த்துவிடுகிறேன் என்றார்.

மாமியாரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரமாயிற்று. கடைசியில் வந்தார், புடவைமேல் ஒரு துப்பட்டியும் போர்த்திக்கொண்டு. வெயிலில் துப்பட்டி எதற்கு என்று எதிர்வீட்டம்மாள் கேட்டாள். காய்ச்சல் என்றார். ஆஸ்பத்திரியில் துணிமறைப்புக்குப் பின்னால் அவர் ரத்தச் சொட்டு அட்டையின் எந்தக் கட்டத்தோடும் சேரவில்லை, கடைசிக் கட்டத்துக்கும் கீழே இருந்தது. நர்ஸம்மா உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். பிரசவம் வீட்டில் கூடாது, இங்கேதான் என்று டாக்டரம்மா சொன்னார். மஞ்சள் மாத்திரை எனக்கு ஒன்று, அவருக்கு மூன்று. வாரம் இரண்டு ஊசி. அவருக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள். ஒரே கதவு எண், ஒரே தெரு.

ஊசி, பிரசவம் என்றானபின் மாமனாரிடம் மறைக்க முடியாது. மாமியாரே போய்ச் சொன்னார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மாமனார் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பிட வருவார், தறிக்குப் போவார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார், தன் அம்மாவைப் பார்ப்பதே அவருக்குச் சங்கடமாக இருந்தது. நாலாம் நாள் மாமனார் தண்ணீர்க் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். ஆம்பிளை குடம் சுமந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போட்டாச்சா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. மாமியாரும் நானும் ஒரே நேரத்தில் "ஆச்சுங்க" என்றோம். சின்னவன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லோரும் சிரித்தோம், மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தினமும் அந்தக் கேள்வியைச் சுவரிடம்தான் கேட்பார்.

தை மாதம் எனக்கு வளைகாப்பு. என் அம்மா சோற்று வகைகளும் வளையலும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரப் பெண்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமியாரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அவர் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்ததும் என் அம்மா அவர் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வந்த பெண்களில் யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சடங்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. வளையல் போடும்போது அம்மா என் காதில், "வெக்கங்கெட்ட ஊட்டுல உன்னைக் குடுத்துட்டேன்," என்றார். மாமியாருக்கு அது கேட்டிருக்கும், பக்கத்தில்தான் நின்றார். அன்று சாயங்காலமே பிரசவத்துக்காக என்னை நாமகிரிப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அங்கே அம்மா என் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, எடுத்து வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எனக்கு ஒரு அக்கா இருந்தாள். அவளுக்கு நல்ல ஆகாரம் என்று எல்லாம் ஊட்டி ஊட்டிக் கொடுத்தார்கள். மூன்று நாள் வலி எடுத்து, பிள்ளை பெரிது, வெளியே வரவில்லை என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு எட்டாவது மாதத்துப் பெண்ணுக்கு ஒரு கை சோறு கூடுதலாகப் போடுவதற்கே பயந்தார். மாத்திரை பிள்ளையைப் பருக்க வைக்கும் என்று யாரோ சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் எடுத்துச் சொன்னேன், கெஞ்சினேன். "உங்கக்காளைக் குழியில போட்டவ நான், எனக்குச் சொல்ல வர்றயா?" என்றார். வாரம் ஒருமுறை என்னைப் பார்க்க வருகிற கணவரிடம், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் பெண் எடுத்த வீட்டில் வாய் திறக்கிறவர் இல்லை. தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மாசி மாதம். மஞ்சள் அறுவடை முடிந்து, வேகவைத்த மஞ்சளைக் களம் களமாகக் காயப்போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அந்த வாசனை. பிறந்ததிலிருந்து பழகிய வாசனை அந்த வருஷம் எனக்குக் குமட்டியது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், நான் வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற வழியில் என் மாமியார் நடந்து வந்துகொண்டிருந்தார். தனியாக. துப்பட்டி இல்லை. எட்டு மாத வயிறு, கையில் ஒரு துணிப்பை. களத்தில் மஞ்சள் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுத் தெருவில் அவர் இப்படி நடந்து வருவார் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். துணிமறைப்புக்குப் பின்னால் போகவே இரண்டு வாரம் யோசித்தவர் அவர்.

என் அம்மா வெளியே வந்தார். மரியாதைக்கு வாங்க என்றார், பாய் போட்டார், தண்ணீர் கொடுத்தார். மாமியார் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து பொட்டலங்களை எடுத்தார். நர்ஸம்மாவிடம் கேட்டு எனக்காக வாங்கி வந்தது. அம்மா அதைப் பார்த்ததுமே, எங்கள் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம் என்றார்.

"வேண்டாம்னா உடுங்க சம்மந்தி. நான் சொல்றதை மட்டும் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க," என்றார் மாமியார். "எனக்கு இது ஏழாவது. இதுவரைக்கும் ஆறுலயும் நாக்கு வெந்து, சோறு எறங்காம, மூச்சு வாங்கி, பொம்பளைன்னா இப்படித்தான்னு கெடந்தேனுங்க. மூணைக் குழியில போட்டேன். இந்த ஒருக்காதான் ஆறாம் மாசத்துக்கு மேல மொளகாய் கடிச்சுச் சோறு தின்னுருக்கேன். பாருங்க."

சொல்லிவிட்டு என் அம்மாவுக்கு நாக்கை நீட்டிக் காட்டினார். குழந்தைகள் வைத்தியரிடம் காட்டுவது மாதிரி, நன்றாக வெளியே நீட்டி. அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"புள்ள பெருசாகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாதுங்க," என்று மாமியார் தொடர்ந்தார். "பெத்துப்போட்டு எந்திரிக்கறதுக்கு ஒடம்புல ரத்தம் வேணும். அது எனக்குத் தெரியும். உங்க மூத்த பொண்ணுக்கு நடந்தது மாதிரி இவளுக்கு வலி எடுத்தும் புள்ள வரலைன்னா, மருத்துவச்சியைப் பாத்துட்டு மூணு நாள் உக்காராதீங்க. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க. அங்க நான் இருப்பேன்."

அக்காவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போனார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துச் சோறும் பருப்பும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தார். அவர் துவையலைத் தொட்டுச் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாமியார் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனார். அன்று ராத்திரி என் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரையும் இருந்தன.

பங்குனியில் எனக்குப் பெண் பிறந்தது. காலையில் வலி எடுத்தது, பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டது. பெரிய குழந்தை இல்லை, சின்னதும் இல்லை. வாசலில் காலையிலிருந்து ஒரு ஒற்றை மாட்டு வண்டி நின்றிருந்ததை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். அம்மாதான் கட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்கு வேலை வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ராசிபுரம் ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு ஆண் குழந்தை. நஞ்சுக்கொடி விழத் தாமதமாகி அவருக்கு ரத்தம் நிறையப் போயிருக்கிறது. ஒரு நாள் முழுக்க டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்தாராம். மார்கழியில் இருந்த ரத்தத்தோடு வந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் வந்து இதைச் சொன்னபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்று சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குத்தான் பால் இல்லை, பசும்பால் குழந்தைக்குச் சேரவில்லை என்றார்.

எனக்கு என் பெண் குடித்தது போகப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. நான் போகிறேன் என்றேன். பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் முடியாமல் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அம்மா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு மூட்டையில் சுக்கும் மிளகும் பூண்டும் கட்டிக்கொண்டு, "நானும் வாரேன். ரெண்டு பேருக்கும் பத்தியம் பாக்க அங்க ஆள் யாரு இருக்கா?" என்றார்.

ஒன்றரை மாதம் என் அம்மா ராசிபுரத்தில் தங்கினார். சம்பந்தி வீட்டில் அத்தனை நாள் தங்குவதும் வழக்கமில்லைதான். இரண்டு பெண்களுக்கும் ஒரே அடுப்பில் பத்தியக் குழம்பு. என் பெண்ணும் என் மைத்துனனும் என்னிடம் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பால் குடித்தார்கள். மாமியாருக்கு முதலில் அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பையன் அழுதால், "எந்திரி சாமி, உன் கொழுந்தன் கூப்படறான்," என்பார். அவன் மெதுவாகத்தான் தேறினான். மூன்றாம் மாதத்தில்தான் கன்னத்தில் சதை பிடித்தது.

குழந்தைகளைக் காட்ட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியனுப்பியிருந்தார். ஒரு வியாழக்கிழமை மாமியாரும் நானும் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். கர்ப்பிணிகள் வரிசை சுவரோரம் நீளமாக இருந்தது. எங்களுக்கு இடம் விட்ட ஒரு இளம் பெண், சேந்தமங்கலம் பக்கத்துக்காரி, இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெட்டைங்களா அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

மாமியாரே பதில் சொன்னார். "இல்லீங்க கண்ணு. இவன் எம்பையன். அது எம்பேத்தி."

வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். மாமியார் பையனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு என்றாள். உன் நாக்கைக் காட்டு பார்க்கலாம் என்றார்.